தையல் தெரியாத உடை

(இணைய நேரலையில் ஆற்றிய உரையின் செம்மைப்படுத்தப்பட்ட எழுத்து வடிவம்)

 

இலக்கியக் கூட்டத்தில் தையலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். அறிவியல் புனைகதை என்றால் எழுதியவரின் பெயரைச் சொல்கிறோம். படம் என்றால் இயக்குநரின் பெயரைச் சொல்கிறோம். அந்தக் கற்பனையை உடம்பில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்துவந்தவர்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த உடையைத் தைத்தவர்களின் வரலாறு அதற்கும் அடியில் கிடக்கிறது. இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் ‘காஸ்ப்ளே’ என்ற சொல் காதில் விழுந்திருக்கும். 1983இல் நோபுயுகி தகஹாஷி என்ற ஜப்பானியர் ‘மை அனிமே’ இதழில் எழுதிய கட்டுரையில் ‘காஸ்ட்யூம்’, ‘பிளே’ என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி அதை உருவாக்கினார். சொல்லுக்குத்தான் அந்த வயது. செயல் அதைவிட மிகவும் மூத்தது. ரசிகர்கள் கூடும் மாநாடுகளை ‘கன்வென்ஷன்’ என்கிறார்கள். அங்கே தனக்குப் பிடித்த கதாபாத்திரத்தின் உடையைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு போவது பலருக்குப் பல மாத உழைப்பு. அவர்களில் ஒரு சாரார் வைத்திருக்கும் கண்டிப்பான அளவுகோல் ‘ஸ்கிரீன் அக்யூரேட்’, அதாவது திரையில் பார்த்தபடி அச்சு அசலாக.

இதில் கடினமானது பாடிசூட். கழுத்திலிருந்து கணுக்கால் வரை தோலோடு ஒட்டிக் கிடக்கும் ஒற்றை உடை. விண்வெளிக் கதை என்றாலே நம் கண்முன் வருவது அதுதான்.

நம் பெண்களுக்கு ‘அளவு ஜாக்கெட்’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. புது ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது, நன்றாகப் பொருந்தும் பழையது ஒன்றையும் கூடவே கொடுத்துவிட்டு வருவோம். டைலர் அதைத் திருப்பிப் போட்டு, உள்தையலைப் பார்த்து, எங்கே பிடித்திருக்கிறது, எங்கே விட்டிருக்கிறது என்று கண்டுகொள்வார். திரையில் வந்த உடையைத் தைக்க நினைப்பவருக்கு அளவு ஜாக்கெட் கிடையாது. படம் மட்டும்தான் உண்டு. படத்தைத் திருப்பிப் போட்டு உள்பக்கம் பார்க்க முடியாது. தைத்த கை எது, போட்டுக்கொண்ட உடம்பு என்ன பாடுபட்டது என்பதெல்லாம் அந்த உள்பக்கத்தில்தான் இருக்கிறது.

நியூயார்க், 1939

1939 ஜூலை 2ஆம் தேதி முதலாவது உலக அறிவியல் புனைகதை மாநாடு நியூயார்க்கில் தொடங்கியது. அதே நகரில் ‘நாளைய உலகம்’ என்ற கருப்பொருளோடு உலகக் கண்காட்சியும் நடந்துகொண்டிருந்தது. மாநாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 200 பேர். அவர்களில் இரண்டு பேர் மட்டும் எதிர்காலத்திலிருந்து வந்தவர்களைப் போல உடுத்தியிருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ரயிலில் வந்த ஃபாரஸ்ட் ஆக்கர்மனும் மர்ட்டில் டக்ளஸும்தான் அவர்கள். எச்.ஜி. வெல்ஸின் கதையிலிருந்து 1936இல் எடுக்கப்பட்ட ‘திங்ஸ் டு கம்’ படத்தின் உடைகளையும், பிராங்க் ஆர். பால் இதழ்களுக்கு வரைந்த ஓவியங்களையும் அடியொற்றி அந்த உடைகள் உருவாகியிருந்தன. தெருவில் நடந்தபோது பிள்ளைகள் ஆக்கர்மனைப் பார்த்து பிளாஷ் கார்டன், பக் ராஜர்ஸ் என்று கூவினார்களாம்.

இரண்டு உடைகளையும் வடிவமைத்துத் தைத்தவர் மர்ட்டில் டக்ளஸ். 1904இல் பிறந்தவர். எஸ்பராண்டோ என்ற பொதுமொழியில் பெரும் ஈடுபாடு கொண்டவர். தன் பெயரின் முதலெழுத்துகளை அந்த மொழியில் உச்சரிக்கும் விதத்தையே சேர்த்து ‘மொரோஜோ’ என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டார். ஆக்கர்மனோடு சேர்ந்து ரசிகர்களுக்கான கையடக்க இதழ் ஒன்றையும் நடத்தினார். ஆக்கர்மன் பிற்காலத்தில் புகழ்பெற்ற இதழாசிரியரானார். ‘சை-ஃபை’ என்ற சுருக்கச் சொல்லைப் பரப்பியவர் என்று பெயரெடுத்தார். காஸ்ப்ளேயின் தந்தை என்றும் சிலர் அவரை எழுதினார்கள். உடையைப் போட்டவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது. வடிவமைத்து, வெட்டி, தைத்து, தானும் ஒன்றை உடுத்தி அதே மண்டபத்துக்குள் நடந்துவந்தவர், பல காலம் ‘ஆக்கர்மனின் தோழி’ என்ற ஒற்றைக் குறிப்புக்குள் அடங்கிக் கிடந்தார். 1964இல் அவர் இறந்தார். அண்மை ஆண்டுகளில்தான் காஸ்ப்ளே வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் வரியில் அவர் பெயரை வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு, 1940இல், சிகாகோவில் இரண்டாவது மாநாடு. முந்தைய ஆண்டின் இரண்டு உடைகளைப் பார்த்த பலர் இம்முறை தாங்களும் வேடம் போட்டுவந்தார்கள். மாறுவேடப் போட்டியே நடந்தது. அதில் பரிசு பெற்றவர் டேவிட் கைல். பிளாஷ் கார்டன் கதையில் வரும் கொடுங்கோலன் மிங் வேடம். அந்த உடையை உருவாக்கியவர் லெஸ்லி பெர்ரி என்ற பெண். இரண்டே ஆண்டுகளில் ஒரே கதை இரண்டு முறை. அணிந்தவர் மேடையில், தைத்தவர் அடிக்குறிப்பில்.

இழுபடும் நூல்

1939இன் உடைகள் சாட்டின் போன்ற சாதாரணத் துணிகளில் ஆனவை. தோலோடு ஒட்டும் உடைக்கு வேறொரு மூதாதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் ஜூல்ஸ் லியோட்டார்ட் என்ற கலைஞர் அந்தரத்தில் தொங்கும் ஊஞ்சல்களுக்கிடையே பறந்து வித்தை காட்டினார். கைகால் அசைவுக்குத் தடையில்லாமல், பின்னல் துணியில் உடம்போடு ஒட்டிய உடை அணிந்தார். இன்று ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் போடும் ‘லியோட்டார்ட்’ அவர் பெயர்தான். ஆனால் பின்னல் துணி இழுபடும், முழங்காலில் பை போலத் தொங்கும், தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது.

திரும்பிவரும் நூல் 1958இல் கிடைத்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் டூபாண்ட் நிறுவனத்தில் வேலை செய்த ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு அதை உருவாக்கினார். ஐந்து மடங்குக்கு மேல் இழுத்தாலும் விட்டவுடன் பழைய நீளத்துக்கே வந்துவிடும். ‘விரிகிறது’ என்று பொருள்படும் ‘எக்ஸ்பேண்ட்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டு ‘ஸ்பான்டெக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். கடையில் லைக்ரா என்றோ எலாஸ்டேன் என்றோ பார்ப்பதும் இதைத்தான்.

விண்வெளி வீரர்களை நினைத்து யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் காலத்து மேலைநாட்டுப் பெண்கள் வயிற்றையும் இடுப்பையும் இறுக்கிப் பிடிக்க அணிந்த ‘கர்டில்’ என்ற உள்ளாடைக்காகத்தான் தேடினார்கள். அதுவரை அதில் ரப்பர் இருந்தது. ரப்பர் கனமானது, காற்று புகாது, வியர்வையிலும் சோப்பிலும் சீக்கிரம் கெட்டுவிடும். ஆக, நாம் எதிர்கால மனிதனின் தோல் என்று நினைக்கும் அந்தப் பளபளப்புத் துணி, நடுத்தர வயதுப் பெண்களின் இடுப்புச் சங்கடத்திலிருந்து பிறந்தது.

இரவில் தைத்தவர்கள்

1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடங்கியது. உடை வடிவமைப்பாளர் வில்லியம் வேர் தீஸ். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரிக்கு ஒரு கொள்கை இருந்தது. எதிர்கால உடையில் பையும் இருக்கக்கூடாது, பட்டனும் ஜிப்பும் கண்ணில் படக்கூடாது. மனிதன் எப்படி அதற்குள் நுழைந்தான் என்றே பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாது. தீஸ் ஜிப்பைத் தோள்பட்டைத் தையலுக்குள் ஒளித்து வைத்தார். தையல் தெரியாத உடை என்பது எதிர்காலத்தின் அடையாளமாகிவிட்டது.

அந்தத் தையலைப் போட்டவர்கள் யார்? தொடரின் தயாரிப்பில் இருந்த ஹெர்பர்ட் சோலோவும் ராபர்ட் ஜஸ்ட்மனும் பிற்காலத்தில் சேர்ந்து எழுதிய நூலில் ஒரு செய்தி வருகிறது. ஒதுக்கிய பணத்தில், குறித்த நாளுக்குள் உடைகளை முடிக்க வழியில்லாமல், தொழிற்சங்கத்தில் சேராத தையல்காரர்களை வைத்து ஸ்டுடியோவுக்கு வெளியே இரவில் ரகசியமாகத் தைத்து வாங்கினார்கள். காலையில் நடிகர்கள் போட்டுக்கொண்டார்கள். 23ஆம் நூற்றாண்டைக் காட்டிய தொடரின் உடைகளுக்குப் பின்னால், பெயர் வெளியே வராத இராப்பணிக்காரர்கள் இருந்தார்கள். நானும் இராப்பணி பார்க்கிறவள். விடியும்போது எல்லாம் சீராக இருப்பதைப் பார்ப்பவர்கள், இரவில் யார் சீராக்கினார்கள் என்று கேட்பதில்லை. இந்தச் செய்தி என் மனதில் தங்கியதற்கு அதுதான் காரணம்.

அதே தொடரில் ‘அச்சு அசல்’ என்ற சொல்லையே ஆட்டிப்பார்க்கும் இன்னொரு விஷயம் இருக்கிறது. கேப்டன் கிர்க்கின் சட்டை என்ன நிறம் என்று கேட்டால் ரசிகர்கள் பொன்மஞ்சள் என்பார்கள். உண்மையில் முதல் இரண்டு பருவங்களின் அந்த வெலூர் துணி பச்சை, வெண்ணெய்ப்பழத்தின் சதையைப் போன்ற மங்கிய பச்சை. ஸ்டுடியோ விளக்கும் பிலிமும் சேர்ந்து அதை மஞ்சளாக்கிவிட்டன. தீஸே பிற்காலத்தில் அது பச்சைதான் என்று உறுதிப்படுத்தினார். இப்போது ஒருவர் அந்தச் சட்டையைத் தைக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மஞ்சளில் தைத்தால் திரைக்கு உண்மையாக இருப்பார். பச்சையில் தைத்தால் துணிக்கு உண்மையாக இருப்பார். இரண்டுக்கும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை. போதாக்குறைக்கு, வெலூர் ஒவ்வொரு சலவைக்கும் சுருங்கியது. மூன்றாம் பருவத்தில் நைலான் துணிக்கு மாற வேண்டியதாயிற்று.

நிலவுக்குப் போன தையல்

ஸ்டார் ட்ரெக் 1969 ஜூனில் முடிந்தது. அடுத்த மாதம் மனிதர்கள் உண்மையிலேயே நிலவில் இறங்கினார்கள். அவர்கள் போட்டிருந்த உடையைத் தைத்தது யார் தெரியுமா? டெலவேர் மாநிலத்தில் டோவர் என்ற ஊரிலிருந்த இன்டர்நேஷனல் லேட்டக்ஸ் நிறுவனம். பிளேடெக்ஸ் என்ற பெயரில் பிராவும் கர்டிலும் விற்ற அதே நிறுவனம். 1965இல் நடந்த போட்டியில் விமானத் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட நிறுவனங்களை அது வென்றது. மற்றவர்களின் உடைகள் விறைப்பாக இருந்தன. இவர்களின் உடையில் முழங்கையும் முழங்காலும் மடங்கின. உடம்பின் மீது மீள்துணியைப் பொருத்துவது எப்படி என்று அவர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

பிராவும் கர்டிலும் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் விண்வெளி உடைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்கள். அந்த உடையில் 21 அடுக்குகள். தையல் ஒரு அங்குலத்தில் 64இல் ஒரு பங்குகூட விலகக்கூடாது, அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர். குண்டூசி குத்தித் தைப்பதுதான் எல்லாத் தையல்காரர்களின் வழக்கம். இங்கே மறந்துபோன ஒரு குண்டூசி, காற்று நிரம்பிய உடையில் ஓட்டை போட்டுவிடும். அதனால் குண்டூசிக்குக் கடும் கட்டுப்பாடு. அடுக்குகளுக்குள் ஊசி தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள்.

அறுவை அரங்கில் நின்றவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வயிற்றை மூடித் தைக்கும் முன் ஊசிகளையும் பஞ்சுத்துணிகளையும் எண்ணுவோம். எடுத்துக் கொடுத்த எண்ணிக்கையும் திரும்பிவந்த எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் மூடுவோம். ஒத்துப்போகாவிட்டால் தேடுவோம், கிடைக்காவிட்டால் எக்ஸ்ரே. டோவர் பெண்கள் துணிக்குச் செய்த காரியத்தை நாங்கள் உடம்புக்குச் செய்கிறோம்.

அந்தப் பெரிய வெள்ளை உடைக்குள் வீரர்கள் இன்னொன்றைப் போட்டிருந்தார்கள். நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்த பின்னல் துணியில், மெல்லிய குழாய்களைக் கோத்து, குளிர்ந்த நீரை ஓடவிட்ட உள்ளுடை. உடம்புச் சூட்டைத் தணிப்பது அதன் வேலை. பாடிசூட் உண்மையிலேயே நிலவுக்குப் போனது. ஆனால் வெளியே தெரியாமல் உள்ளே இருந்தது. கதைகளில் மட்டும் அது வெளியே வந்து நின்றது.

உடம்பு சொன்ன சாட்சி

1987இல் ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ வந்தது. மீண்டும் தீஸ். இம்முறை ஒரே துண்டான ஸ்பான்டெக்ஸ் உடை. சுருக்கம் விழாமல் வழுவழுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, நடிகர்களின் அளவைவிட ஒரு சைஸ் சிறியதாகவே தைத்தார்கள். திரையில் அழகாக இருந்தது. உள்ளே இருந்தவர்களுக்கு முதுகுவலி வந்தது. பேட்ரிக் ஸ்டூவர்ட்டுக்கு முதுகுச் சிகிச்சை அளித்தவர், இந்த உடையைத் தொடர்ந்து போட்டால் நிரந்தரப் பாதிப்பு வரும் என்று எச்சரித்தார். துணியில் வியர்வை நாற்றமும் தங்கிவிட்டது. 1989இல் மூன்றாம் பருவத்துக்கு ராபர்ட் பிளாக்மன் கம்பளிக் காபர்டீன் துணியில் மேலும் கீழுமாக இரண்டு துண்டு உடைகளைக் கொண்டுவந்தார். மேல்சட்டை மேலேறிக்கொண்டே இருந்ததால் ஸ்டூவர்ட் அடிக்கடி கீழே இழுத்துவிட்டுக்கொள்வார். ரசிகர்கள் அந்த அசைவுக்கே ‘பிக்கார்ட் மெனூவர்’ என்று பெயர் வைத்தார்கள்.

1997இல் ‘வாயேஜர்’ தொடரில் ஜெரி ரையன் செவன் ஆஃப் நைன் என்ற பாத்திரமாக வந்தார். முதலில் அவர் அணிந்த போர்க் உடையின் கழுத்துப் பகுதி கரோட்டிட் தமனியை அழுத்தி மயக்கம் வந்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பிறகு வந்த வெள்ளிநிறப் பாடிசூட் உலகப்புகழ் பெற்றது. அதற்குள்ளே விறைப்பான கார்செட் இருந்தது. போடவும் கழற்றவும் வேறொருவர் உதவி வேண்டும். அவர் கழிப்பறைக்குப் போவதென்றால் படப்பிடிப்பே காத்திருக்க வேண்டும்.

இறுக்கம் என்பது மருத்துவமனையில் ஒரு மருந்து. காலில் இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் அழுத்தக் காலுறையிலும் இதே நூல்தான். வீக்கம் குறைவாக இருக்கும் காலை நேரத்தில், ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாகக் கணுக்கால், ஆடுசதை, தொடை என்று அளவெடுப்போம். கணுக்காலில் அழுத்தம் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருந்தால் அது மருந்து. மேல்விளிம்பு சுருண்டு தொடையைக் கயிறு போலக் கட்டினால் அதே காலுறை கேடு. இரண்டுக்கும் நடுவே நிற்பது அளவு நாடா ஒன்றுதான். படப்பிடிப்பில் அளவு எடுக்காமலில்லை. எடுத்த அளவைக் கேமராவின் வசதிக்காகக் குறைத்தார்கள்.

வீட்டில் தைப்பவர்

இனி, கன்வென்ஷனுக்காக வீட்டில் உட்கார்ந்து தைப்பவரிடம் வருவோம். முதலில் அவர் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். எந்தக் கோடு அலங்காரம், எந்தக் கோடு தையல் என்று பிரிக்கிறார். 2006இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஸ்டார் ட்ரெக்கின் அசல் உடைகளை ஏலம் விட்டபோது, அவற்றில் பல ரசிகர்களின் கைக்கே வந்தன. அளவு ஜாக்கெட் இல்லாதவர்களுக்கு நாற்பது ஆண்டு கழித்து அளவு ஜாக்கெட் கிடைத்தது போல.

அடுத்து அவருடைய சொந்த உடம்பு. பழைய டீசர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் அகலமான ஒட்டுநாடாவை வரிவரியாகச் சுற்றி, பிறகு வெட்டி எடுத்துப் பஞ்சு அடைத்தால் அவர் உடம்பின் அச்சு கிடைத்துவிடும். தனியாக ஒருவர் செய்ய முடியாது, சுற்றிவிட இன்னொருவர் வேண்டும். மூச்சை நன்றாக இழுத்துவிடச் சொல்லிச் சுற்ற வேண்டும் என்பது என் கூடுதல் குறிப்பு.

சாதாரண உடையில் உடம்பளவோடு கொஞ்சம் லூஸ் விட்டு வெட்டுவோம். பாடிசூட்டில் கணக்கு தலைகீழ். உடம்பளவைவிடக் குறைத்து வெட்ட வேண்டும், துணி இழுபட்டு நிரப்பும். எவ்வளவு குறைப்பது என்பது அந்தத் துணி எவ்வளவு இழுபடும் என்பதைப் பொறுத்தது. ஆகவே ஒரு துண்டை எடுத்து இழுத்து அளந்து பார்க்காமல் கத்திரி வைக்கக்கூடாது. நாலு பக்கமும் இழுபடும் துணியாகவும் இருக்க வேண்டும். புதிதாகத் தைப்பவர்கள் மார்பு, இடுப்பு அளவுகளைப் பார்த்துவிட்டு ஓர் அளவைத் தவறவிடுவார்கள். தோளிலிருந்து புறப்பட்டு, முன்பக்கமாக இறங்கி, கால்களுக்கிடையே போய், முதுகு வழியாக அதே தோளுக்குத் திரும்பும் சுற்றளவு. இது குறைந்தால் உடை நாள் முழுதும் தோளைக் கீழே இழுக்கும். 1987இல் நடிகர்களின் முதுகுகளுக்கு நேர்ந்தது என்ன என்று இந்த ஓர் அளவை எடுத்துப்பார்த்தாலே விளங்கிவிடும்.

ஊசியும் வேறு. சாதாரண ஊசியின் கூர்முனை பின்னல் துணியின் இழையை அறுத்துவிடும், ஓட்டை விழுந்து ஓடும். முனை உருண்ட ஊசி இழையை விலக்கிக்கொண்டு போகும். அறுவைத் தையலிலும் இதே விதி உண்டு. தோலுக்கு வெட்டும் முனையுள்ள ஊசி, குடல் போன்ற மென்திசுவுக்கு உருண்ட ஊசி. நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும்போது நூல் அறுந்துவிடும். அதனால் ஜிக்ஜாக் அல்லது ஓவர்லாக். ஜிப் இழுபடாது, துணி இழுபடும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் முதுகில் அலையலையாக நிற்கும். ஜிப் வரும் ஓரத்துக்கு இழுபடாத பட்டை ஒன்றை முதலில் வைத்துத் தைக்க வேண்டும். கை தூக்கினால் உடை முழுதும் மேலேறாமல் இருக்க, அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு.

இவ்வளவையும் செய்து முடித்தவர் கையில் இருப்பது திரையின் நகலா? ஒரு பக்கம் ஆம். ஆனால் திரையின் உடை ஒரு நடிகரின் உடம்புக்கு, சில நிமிடங்கள் கேமரா முன் நிற்பதற்காகத் தைக்கப்பட்டது. இவர் அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுதும் நடக்க வேண்டும், உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும், கழிப்பறைக்கும் போக வேண்டும். நாற்பத்தெட்டு அங்குல இடுப்பு உள்ளவரும் போடலாம், சக்கர நாற்காலியில் வருபவரும் போடலாம். உட்கார்ந்தே இருப்பவருக்கு முதுகுப்பக்க நீளம் கூட வேண்டும், தையல் முடிச்சு எதுவும் அமரும் இடத்தில் வந்து தோலை அழுத்திப் புண்ணாக்கக்கூடாது. திரைக்குத் தெரியாத இந்தக் கணக்குகள் எல்லாம் தைப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள்

ரசிகர்களின் அச்சு அசல் மோகத்தைக் கேலி செய்பவர்கள் உண்டு. அதில் வேடிக்கை இருப்பதும் உண்மைதான். 1997இல் ஆல்பின் ஜான்சன் என்ற அமெரிக்கர் தொடங்கிய ‘501ஸ்ட் லீஜியன்’ என்ற ஸ்டார் வார்ஸ் உடைக்குழு, ஒவ்வொரு உடைக்கும் தையல் விவரம் வரை விதிமுறை எழுதி வைத்திருக்கிறது. முதல் படத்தின் ஸ்டார்ம்ட்ரூப்பர் தலைக்கவசங்கள் இடமும் வலமும் ஒத்துப்போகாமல் கோணலாக இருந்தன. இன்று நகலெடுப்பவர்கள் அந்தக் கோணலையும் விடாமல் செய்கிறார்கள். யாரோ ஒரு தொழிலாளியின் கைக்கோணலை இவ்வளவு மரியாதையோடு பாதுகாக்கும் கூட்டம் வேறெங்கும் இருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு. அந்தக் குழுவினர் இதே உடைகளோடு குழந்தைகள் மருத்துவமனைகளுக்கும் போகிறார்கள். காலில் ஊசி ஏறிய நிலையில் படுத்திருக்கும் பிள்ளைக்கு உடையின் கோணல் முக்கியமில்லை, வந்து நிற்பவர் கதையிலிருந்தே வந்தவர் என்று நம்ப முடிவதுதான் முக்கியம்.

கன்வென்ஷன் போட்டிகளில் ஒரு வழக்கம் உருவாகியிருக்கிறது. மேடையில் எப்படித் தெரிகிறது என்பதற்கு ஒரு மதிப்பெண். வேலைப்பாட்டுக்குத் தனி மதிப்பீடு. அதற்கு நடுவர்கள் மேடைக்குப் பின்னால் வந்து, உடையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். கைமடிப்பைத் திருப்புகிறார்கள். உள்தையலை விரலால் தடவிப்பார்க்கிறார்கள். மேடையில் பெயர் அறிவிக்கும்போது அணிந்தவர் யார் என்பதோடு, செய்தவர் யார் என்பதையும் சொல்கிறார்கள். 1940இல் லெஸ்லி பெர்ரிக்குக் கிடைக்காத மேடை அது. திரை மறைத்து வைத்த உள்பக்கத்தை, அந்தத் திரையை அப்படியே நகலெடுக்க முயன்றவர்கள்தான் வெளியே திருப்பிப் போட்டார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

நம் பழைய இலக்கியத்தில் ‘தையல்’ என்றால் பெண் என்றும் பொருள். தையல் தெரியாத உடை என்று நான் தலைப்பு வைத்தது அதையும் நினைத்துத்தான். தையல் தெரியாமல் உடை செய்தால் எதிர்காலம் போல இருக்கும் என்று நினைத்த காலத்தில், தைத்தவளும் சேர்ந்தே தெரியாமல் போனாள். மர்ட்டில் டக்ளஸ், லெஸ்லி பெர்ரி, இரவில் தைத்த பெயர் தெரியாதவர்கள், டோவரில் குண்டூசி எண்ணிய பெண்கள்.

வேதாகமத்தில், அப்போஸ்தலர் நடபடிகளில், யோப்பா என்ற ஊரில் தொற்காள் என்றொரு பெண் வருகிறாள். அவள் இறந்துபோனபோது பேதுரு வருகிறார். அந்த ஊர் விதவைகள் அழுதுகொண்டே அவரிடம் காட்டுவது, அவள் உயிரோடிருந்தபோது தங்களுக்குச் செய்து கொடுத்த உடைகளை. அவள் பேசிய ஒரு வார்த்தையும் அந்த அதிகாரத்தில் இல்லை. தைத்த உடைகளும், இது அவள் தைத்தது என்று சொல்ல ஆட்களும் இருந்தார்கள். அதனால்தான் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் நமக்கு அவள் பெயர் தெரிகிறது.

உங்கள் ஊரில் கன்வென்ஷன் நடந்தால் ஒருமுறை பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். பளபளவென்று பாடிசூட்டில் யாராவது எதிரே வந்தால், தாராளமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு. கூடவே இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இதை யார் தைத்தது? பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கைமடிப்பைத் திருப்பி உள்தையலையும் காட்டுவார்.